ஒரு கைப்பிடி முதுகு

வயிறா, முதுகா என்று கேட்டார் டாக்டர் பியூலா.
கறிக்கடையில் கேட்பது போல இல்லை,
மெதுவாகத்தான்.
எடுத்த இடத்தை என் சதையாலேயே நிரப்புவார்களாம்.
மேல்தோல் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது போகும்,
காம்பும் போகும்.

முதுகு என்றேன், யோசிக்காமல்.

ஆம்பூரில் பத்தொன்பது வருஷம்
ஷூ கம்பெனியில், கட்டிங் செக்‌ஷன்.
ஒரு தோலை மேசைமேல் விரித்தால்
எது எதற்கு ஆகும் என்று கை சொல்லும்.
வயிற்றுப் பக்கம் இழுக்கும், நாள்பட்டால் தொங்கும்,
நாக்குக்கும் உள்பட்டைக்கும்தான் ஆகும்.
ஷூவின் முகத்துக்கு முதுகுதான்.
தவிர, என் வயிற்றை இரண்டு பிள்ளைகள்
ஏற்கெனவே திறந்து பார்த்துவிட்டார்கள்.

முதல்நாள் நிற்கவைத்து வரைந்தார்கள்.
படுத்தால் அளவு மாறிவிடுமாம்.
ஊதா மார்க்கர், ஜில்லென்று.
மார்பின் கீழ்வளைவு, கழுத்துக்குழியிலிருந்து ஒரு நேர்கோடு,
முதுகில் ஒரு மீன்.
பேட்டர்ன் தகட்டைச் சுற்றி நான் போடுகிற அதே கோடு.
ஒருமுறை அழித்து, அரை விரல் தள்ளிப் போட்டார்.
அப்போதுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

"இந்த வயசுல யார் பாக்கப்போறாங்க" என்றாள் நாத்தனார்.
குளிக்கும்போது நான் பார்ப்பேன் என்றேன்.
ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு
அவள் கடைசி பஸ்ஸுக்குப் போனாள்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு.
கோட்டை உண்டு ராஜா இல்லை,
ஆறு உண்டு தண்ணீர் இல்லை,
கோயில் உண்டு சாமி இல்லை
என்று போய்
பெண்கள் உண்டு அழகில்லை என்று முடியும்.
சாமி சத்துவாச்சாரியிலிருந்து எப்போதோ திரும்பி வந்தாயிற்று.
கேலியைத்தான் இன்னும் யாரும் திருத்தவில்லை.

ஐந்து மணி நேரமாம்.
முதுகுத் தசையை, ரத்தக்குழாயும் நரம்பும் அறாமல்,
அக்குளுக்குள் சுரங்கம் போட்டு
முன்னால் கொண்டுவந்தார்களாம்.
விழித்தபோது முன்னால் ஒன்று பின்னால் ஒன்று குழாய்,
நுனியில் சிவப்பாய் நிரம்பும் பாட்டில்.

பக்கத்துக் கட்டிலில் மால்டாவிலிருந்து வந்த ஷெஃபாலி.
அவள் எதையும் நிரப்பச் சொல்லவில்லை.
தட்டையான பக்கத்தைத் தட்டிக்காட்டி
"லைட்" என்று சிரித்தாள்.
காந்தி ரோடு லாட்ஜில் அவள் புருஷன் சமைத்த மீன்குழம்பில்
கடுகு மூக்கில் ஏறியது.
பாட்டில்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு
வராந்தாவில் நடந்தோம்,
இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி.

கட்டுப் பிரித்த அன்று கண்ணாடி கேட்டேன்.
வடிவம் சரி. தையல் சரி.
காம்பு இருந்த இடத்தில் முதுகுத்தோலில் ஒரு வட்டம்,
ஒரு சாயல் கறுப்பு.
ஷேடு சேரவில்லை. இடது வலது ஜோடி இல்லை.
கம்பெனியில் என் கைக்கு வந்திருந்தால்
சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கியிருப்பேன்.
அழுதேன். வலிக்கிறதா என்றாள் நர்ஸ்.
ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன்.
பிரஸ்ஸின் கையைக் கீழே இழுக்கும்போதெல்லாம்
ரவிக்கைக்குள் அது ஒரு துள்ளு துள்ளும்.
இடம் மாறியும் பழைய வேலையை மறக்காத தசை.
முன்னால் கொசு கடித்தால் பின்னால் அரிக்கிறது.
எங்கே சொறிவதென்று தெரியாமல்
மெஷின் முன்னால் நின்றிருக்கிறேன்.
சிரிப்பு வந்துவிட்டது, சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

தனகோட்டி ஐந்து மாதம் கை வைக்கவில்லை,
கேட்கவும் இல்லை.
கரண்ட் போன ஒரு ராத்திரி
விசிறிக்கொண்டிருந்த காலண்டர் அட்டையைக் கீழே வைத்துவிட்டுத்
தொட்டார், காய்ச்சல் பார்க்கிறவர் மாதிரி.

"தெரியுதா?"

தெரிந்தது. அங்கே இல்லை.
தோள்பட்டைக்குக் கீழே,
யாரோ பின்னால் வந்து
முதுகில் தட்டிக்கொடுத்தது போல.